வீட்டில் எத்தனை பேர்

பால் எண்ண முடியாது, முட்டை எண்ணலாம், ஆரஞ்சு எண்ணலாம், ரொட்டி எண்ண முடியாது. இது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. முழு ரொட்டி ஒன்று பிளாஸ்டிக் உறையோடு மேசைமேல் உட்கார்ந்திருக்கிறது, பக்கத்தில் இன்னொன்றை வைத்தால் ரெண்டு என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும், ஆனால் ஜோயல் இரண்டு கையையும் விரித்து நோ நோ என்று சிரிக்கிறார். துண்டை எண்ணலாமாம், பாக்கெட்டை எண்ணலாமாம், ரொட்டியை மட்டும் எண்ணக்கூடாதாம். ஜோயலுக்குச் சளி பிடித்திருக்கிறது, இரண்டு வரி பேசினால் ஒரு தடவை மூக்கை உறிஞ்சுகிறார், என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம், கம்பளித் தொப்பியைக் கழற்றாமலே பாடம் நடத்துகிறார். பலகையில் நடுவில் கோடு கிழித்து ஒரு பக்கம் மெனி, மறு பக்கம் மச் என்று எழுதியிருக்கிறார். எண்ண முடிந்ததற்கு மெனி, எண்ண முடியாததற்கு மச். இதெல்லாம் எனக்குத் தெரியாததில்லை, சங்கரன்கோவிலில் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது மனப்பாடம் செய்து எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன், ஆனால் எழுதின இங்கிலீஷ் வேறு, வாயைத் திறந்து ஒரு மனுஷனிடம் பேசுகிற இங்கிலீஷ் வேறு என்பது இந்த மெல்பர்னுக்கு வந்தபிறகுதான் தெரிந்தது. ஜன்னல் கண்ணாடி முழுக்க நீராவி படிந்திருக்கிறது. வெளியே ஜூலை மாதக் குளிர், உள்ளே ஹீட்டர், நனைந்த கோட்டுகளின் வாடை. நாங்கள் இருக்கிற தெருவிலிருந்து நடந்து வருகிற தூரம்தான் இந்த நூலகம், அதன் மாடியில் எங்களைப்போல் வந்தவர்களுக்கு வகுப்பு. நாங்கள் இருக்கிற தெரு. பார், மனசு தானாக நாங்கள் என்கிறது. பழக்கம். கால் பழகின வழியில் போவதுபோல வாயும் பழகின சொல்லுக்குத்தான் போகும்.

அரிசி எண்ண முடியாது. அதில் எனக்குச் சண்டையில்லை, யாரும் அரிசியை எண்ணிப் போட்டுச் சோறு வடிப்பதில்லை. ஆனால் இவர்களுக்கு நெல்லும் ரைஸ், அரிசியும் ரைஸ், சோறும் ரைஸ், ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எப்படித்தான் குடும்பம் நடத்துகிறார்களோ. ஜோயல் ஒரு பொட்டலம் அரிசியைக் குலுக்கிக் காட்டிவிட்டு "ஹவ் மச் ரைஸ்?" என்கிறார், முட்டைப் பெட்டியைக் காட்டிவிட்டு "ஹவ் மெனி எக்ஸ்?" என்கிறார், அப்போதுதான் எனக்குள் ஏதோ டக்கென்று திறந்தது. எத்தனை, எவ்வளவு. அவ்வளவுதானே. எத்தனை முட்டை, எவ்வளவு பால். நம் வீட்டில் எத்தனை பால் வேணும் என்று யாராவது கேட்டதுண்டா, எழுத்துத் தெரியாதவர்கள்கூட இதில் தப்புப் பண்ணமாட்டார்கள், எங்கள் அம்மா சோற்றுக்கு எம்புட்டு வைக்க என்பாள், தோசைக்கு எத்தன வைக்க என்பாள், எந்த வாத்தியாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. பிறந்ததிலிருந்தே தெரிந்த ஒன்றை நான் இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று புதிதாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வந்தது. இதை யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும்போல இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற லானிடம் சொல்ல முடியாது, அவள் வியட்நாம்காரி, எத்தனையும் எவ்வளவும் அவளுக்கு வெறும் சத்தம். சாயந்திரம் வீட்டுக்குப் போனதும் சொல்லலாம் என்று நினைத்தேன், ஒரு நொடி, முழுசாக ஒரு நொடி, அவர் வேலையிலிருந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருப்பார், நான் சமையல்கட்டிலிருந்தே சொல்வேன், ஏங்க, இன்னைக்கு ஒண்ணு கண்டுபிடிச்சேன் என்று. அப்புறம் ஞாபகம் வந்தது. படி இருக்கிறது என்று நினைத்து வெறும் காற்றில் கால் வைத்ததுபோல இருந்தது.

ஹேர் எண்ண முடியாது என்று ஜோயல் எழுதியதும் ஜமீல் எழுந்துவிட்டார். ஈராக்கிலிருந்து வந்தவர், அங்கே பாலம் கட்டுகிற என்ஜினியராக இருந்தாராம், தலையில் காதோரம் மட்டும்தான் கொஞ்சம் முடி. "மை ஹேர், ஐ கேன் கவுண்ட்" என்று குனிந்து தலையைக் காட்டுகிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள், லான் என் தோளில் தட்டிச் சிரிக்கிறாள், நானும் சிரிக்கிறேன். ஜோயல் இருமிக்கொண்டே சொல்கிறார், தலையில் இருக்கிற வரைக்கும் எண்ண முடியாது, சூப்பில் ஒன்று கிடந்தால் மட்டும் எண்ணலாம், எ ஹேர் இன் மை சூப். குளியலறையில் முகம் கழுவுகிற தொட்டியில் கிடக்கிறது எந்தக் கணக்கு என்று நான் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் சவரம் செய்த முடித்துணுக்குகள் இன்னும் அந்த வெள்ளைத் தொட்டியின் ஓரத்தில், குழாய்க்குப் பின்னால், ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மற்ற இடமெல்லாம் துடைத்துவிட்டேன், தினமும் துடைக்கிறேன், வேறென்ன வேலை, அந்த ஓரத்தை மட்டும் துணி தானாகச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. காலையில் முகம் கழுவக் குனியும்போது கண் அங்கே போகும். போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டே குனிவேன், அப்படி நினைப்பதாலேயே போகும். சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள். ஒரு மனுஷன் விட்டுப்போனதில் அதுதான் மிச்சம் என்று சொன்னால் அழகாக இருக்கும், ஆனால் உண்மையில்லை, அலமாரியில் மூன்று சட்டை இருக்கிறது, லாரி எண்ணெய் நாற்றமடிக்கிற வேலைக் காற்சட்டை இருக்கிறது, அதையெல்லாம் பார்த்தால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் புள்ளிகளைப் பார்த்தால்தான் முகம் கழுவாமலே நிமிர்ந்துவிடுகிறேன்.

அவர் பெயர் நெல்லையப்பன். பாளையங்கோட்டைக்காரர், இங்கே லாரி மெக்கானிக். இவர்கள் வாயில் அவ்வளவு நீளப் பெயர் நுழையவில்லை என்று நெல் என்று சுருக்கிக்கொண்டார். ஒர்க்ஷாப்பில் நெல், வீட்டுச் சொந்தக்காரரிடம் நெல், டாக்டரிடம் நெல். வந்த புதிதில் அதைக் கேட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன், அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இங்க எல்லாரும் அப்படித்தான். நீயும் ஏதாவது சின்னதா வச்சுக்கோ." நான் வைத்துக்கொள்ளவில்லை. ஜோயல் என்னைக் கொமாட்டி என்கிறார், கோமதி என்று ஊரின் அம்மன் பெயரை வைத்த என் அப்பா கேட்டால் முகம் சுளிப்பார், ஆனாலும் அது முழுசாக என் பெயர். கல்யாணமான ஒரு மாதத்தில் அவர் இங்கே மெல்பர்னுக்குத் திரும்பி வந்துவிட்டார், விசாவுக்காக நான் ஒன்றரை வருஷம் ஊரில் காத்திருந்தேன், தினமும் போனில் பேசினோம், பேசினோம் என்றால் அவர் அங்கே என்ன குளிர் என்று சொல்வார், நான் இங்கே என்ன குழம்பு என்று சொல்வேன். அதற்கே நான் நாளெல்லாம் சந்தோஷமாக இருந்தேன். இங்கு வந்து சேர்ந்த அன்று விமான நிலையத்தில் என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு கணம் ஒன்று வந்தது. வேறு யாரையோ எதிர்பார்த்தவர் முகம்போல. அது களைப்பு என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். அதை எத்தனை தடவை அப்படிச் சொல்லிக்கொண்டேன். களைப்பு எண்ண முடியாது, தடவை எண்ணலாம். ச்சே, என்ன இது, எல்லாவற்றையும் இந்தக் கோட்டில் கொண்டுபோய் நிறுத்துகிறது மனசு. ஜோயல் இப்போது ஃபர்னிச்சர் எழுதுகிறார். நாற்காலி எண்ணலாம், மேசை எண்ணலாம், ஃபர்னிச்சர் எண்ண முடியாது. சூட்கேஸ் எண்ணலாம், லக்கேஜ் எண்ண முடியாது. நான் இரண்டு சூட்கேஸோடு வந்தேன், ஊறுகாயும் வத்தலும் பட்டுச்சேலையுமாக. அவர் ஒரே பையோடு போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அது. நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். பையைப் பார்த்தேன், ஏதோ வேலைக்கு வெளியூர் போகிறார் என்றுதான் நினைத்தேன், முன்னாலும் போயிருக்கிறார். அவர் அடுப்புக்குப் பக்கத்தில் வந்து நின்று, "கோமதி, நான் கொஞ்ச நாள் வேற எடத்துல இருக்கப்போறேன்" என்றார். "வேலை விஷயமாவா?" என்றேன். "இல்ல" என்றார். தோசையில் ஓட்டை விழுந்துகொண்டிருந்தது, நான் அதையே பார்த்தேன். "எனக்கு முடியல கோமதி. வீட்ல சொன்னாங்கன்னு பண்ணிக்கிட்டேன். சரியாயிரும்னு நெனச்சேன், ஆகல. நீ தப்பு ஒண்ணும் பண்ணல." நான் என்ன கேட்டிருக்க வேண்டும். யார் அவள் என்று கேட்டிருக்கலாம், அப்படி ஒருத்தி இருக்கிறாளா என்றாவது கேட்டிருக்கலாம், சட்டையைப் பிடித்திருக்கலாம், என்னை இங்கே எதற்கு வரவழைத்தீர்கள் என்று கத்தியிருக்கலாம், பக்கத்து வீட்டுக்குக் கேட்டால்தான் என்ன, அவர்களுக்குத் தமிழா புரியப்போகிறது. நான் கேட்டது, "சாப்பிட்டுட்டுப் போறீங்களா?" அதுதான் என் வாயில் வந்தது. இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது. அவரும் சரி என்று உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் நின்று ஊற்றினேன், சட்னி வேணுமா என்றுகூடக் கேட்டேன். முடித்துவிட்டு எழுந்து தட்டைக் கழுவி வைத்தார். இங்கு வந்ததிலிருந்து ஒரு தடவைகூட அவர் தட்டைக் கழுவினதில்லை. அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில்தான் எனக்குப் புரிந்தது, இவர் திரும்பி வரப்போவதில்லை என்று. சொன்னபோது புரியாதது கழுவினபோது புரிந்தது. விருந்துக்கு வந்தவர்கள்தான் போகும்போது தட்டைக் கழுவிவைப்பார்கள்.

"கொமாட்டி?" ஜோயல் என்னைப் பார்க்கிறார். ஏதோ கேட்டிருக்கிறார். லான் முழங்கையால் இடித்து மெதுவாக "நியூஸ்" என்கிறாள். நியூஸ், எண்ண முடியுமா முடியாதா. கடைசியில் எஸ் இருக்கிறது, அதனால் எண்ணலாம் என்று சொல்ல வேண்டும்போலத்தான் இருக்கும், அதுதான் பொறி. "நோ கவுண்ட்" என்கிறேன். ஜோயல் "குட்!" என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார். எஸ் இருந்தாலும் அது ஒருமை, நோ நியூஸ் இஸ் குட் நியூஸ் என்று சொல்லிச் சிரிக்கிறார், எனக்கு அதில் என்ன சிரிப்பு என்று தெரியவில்லை. சேதி இல்லாமல் இருப்பதே நல்ல சேதியாம். அம்மாவிடம் போய் அப்படிச் சொல்ல முடியுமா. "வேற ஏதும் விசேஷம் உண்டாட்டி?" என்று அம்மா ஒவ்வொரு தடவையும் கேட்பாள், விசேஷம் என்ற சொல்லை அவள் கொஞ்சம் தாழ்ந்த குரலில், கொஞ்சம் இழுத்துச் சொல்லுவாள், கேட்கிற விதத்திலேயே வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதுபோல இருக்கும். ஒண்ணுமில்லம்மா என்பேன். "மாப்பிள்ளை இருக்காகளா, ஒரு வார்த்தை பேசுதேன்" என்பாள். இல்லம்மா, நைட் ட்யூட்டி. இல்லம்மா, தூங்குறாக. இல்லம்மா, குளிக்கப் போயிருக்காக. குளிக்கப் போயிருக்கிறார் என்று சொன்ன அன்று நான் எழுந்துபோய்க் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டேன், அம்மாவுக்குத் தண்ணீர்ச் சத்தம் கேட்கட்டும் என்று. போனை வைத்தபிறகும் அதை மூடாமல் நின்றுகொண்டிருந்தேன். ஆள் உள்ளே இருப்பதுபோலத்தான் இருந்தது. பயமாக இருந்தது, நல்லாவும் இருந்தது, அதுதான் இன்னும் பயம். அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை. அப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு, அது ஒன்று. தெருவெல்லாம் பூரித்துச் சொல்லிவைத்திருக்கிறாள், அது ஒன்று. ஆனால் அதெல்லாம் இல்லை. அம்மாவிடம் தமிழில் சொல்லிவிட்டால் அது நடந்ததாகிவிடும். இப்போதுவரைக்கும் அது நடந்தது ஒரு சமையல்கட்டுக்குள்ளேதான், நானும் தோசைக்கல்லும்தான் சாட்சி. விசாவில் அவர் பெயருக்குக் கீழேதான் என் பெயர் தொங்குகிறது, யாராவது கேட்டால் என்ன சொல்வது, யாரிடம் கேட்பது, கேட்கப் போனால் அவர்களுக்குத் தெரிந்துவிடுமே, தெரிந்தால் அனுப்பிவிடுவார்களோ, அனுப்பினால் எந்த முகத்தோடு அந்தத் தெருவில் இறங்குவது. இந்த நினைப்பு எப்போது தொடங்கினாலும் இதே வரிசையில் வந்து இதே இடத்தில், எங்கள் தெருமுனையில் ஆட்டோவிலிருந்து நான் இறங்குகிற இடத்தில், இடித்துக்கொண்டு நிற்கும். அதற்குமேல் போகாது. மறுபடி முதலிலிருந்து வரும்.

இப்போது எல்லாரும் நாற்காலியை வட்டமாகப் போட வேண்டுமாம். ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க வேண்டும், அவர் பதில் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் கேட்க வேண்டும். ஹவ் மெனி, ஹவ் மச், எது வேண்டுமானாலும். பதில் முழு வாக்கியமாக இருக்க வேண்டும், தேர் இஸ், தேர் ஆர் என்று தொடங்க வேண்டும். எனக்கு இந்த வட்டம் பிடிப்பதில்லை. வரிசையில் உட்கார்ந்தால் முன்னால் இருப்பவர் முதுகு ஒரு மறைப்பு, வட்டத்தில் மறைப்பே கிடையாது. அந்தக் கோடியில் தொடங்கியாகிவிட்டது, யாரோ யாரிடமோ காப்பியில் எவ்வளவு சர்க்கரை என்று கேட்கிறார்கள், யாரோ எத்தனை மொழி தெரியும் என்று கேட்கிறார்கள். நான் பதில்களைத் தயார் செய்கிறேன். லான்தான் என்னிடம் கேட்கப்போகிறாள், லான் என்ன கேட்பாள், சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்பாள், அவளுக்கு எப்போதும் சாப்பாடுதான். ஹவ் மச் ரைஸ் என்பாள், தேர் இஸ் என்று தொடங்கு, எ லாட் ஆஃப் என்று சொல், தப்பாகாது.   ஜமீல் லானிடம் திரும்பி, என்ஜினியர் மிடுக்கோடு, "ஹவ் மெனி பீப்பிள் ஆர் தேர் இன் யுவர் ஹவுஸ்?" என்கிறார். லான் விரல் விட்டு எண்ணுகிறாள், கணவன், மாமியார், இரண்டு பையன்கள், மருமகள், பேரன், அப்புறம் தன் மார்பைத் தொட்டு, "செவன் பீப்பிள். ஒன் டாய்லெட்!" என்கிறாள். வகுப்பே அதிர்கிறது. ஜோயல் பலகையோரமாகக் குனிந்து நின்று சிரிக்கிறார். அடுத்தது நான்தான். லானுக்குப் புதிதாகக் கேள்வி யோசிக்கச் சோம்பல், தனக்குக் கேட்டதையே அப்படியே அடுத்தவருக்குத் தள்ளிவிடுவாள், எப்போதும் அப்படித்தான் செய்வாள். சிரிப்பு அடங்கிக்கொண்டிருக்கிறது, இன்னும் கொஞ்சம் சிரித்தால் என்ன, இடைவேளை வந்துவிடாதா, கடிகாரம் எங்கே இருக்கிறது. லான் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் முழுசாகத் திரும்பிவிட்டாள், முகமெல்லாம் சிரிப்பு, என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கோமதி. ஹவ் மெனி பீப்பிள் ஆர் தேர் இன் யுவர் ஹவுஸ்?"

வீட்டில் எத்தனை பேர். டூ என்று சொல்லிவிடலாம். தேர் ஆர் டூ பீப்பிள். சரியான வாக்கியம், ஜோயல் குட் என்பார், வட்டம் நகர்ந்துவிடும். வாயில் டூ தயாராக இருக்கிறது. எத்தனை பேர். நம்மூரில் ஆளைப் பேர் என்று எண்ணுகிறோம், ரெண்டு பேர், மூணு பேர், நாலு பேர், இலை போடும்போது எத்தனை பேர் என்றுதான் கேட்பார்கள், ஒரு பேர் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பேர் ரெண்டிலிருந்துதான் தொடங்குகிறது. ரெண்டுக்குக் கீழே போனால் சொல்லே மாறிவிடுகிறது, ஒருத்தர், ஒருத்தன், ஒருத்தி. ஒருத்தி. என் வீட்டில் எத்தனை பேர் என்றால் பேரே இல்லை, ஒருத்திதான். அம்மாவிடம் இந்தச் சொல்லைத்தான் சொல்ல வேண்டியிருக்கும், அதனால்தான் வாய் வரவில்லை. ஆனால் இவர்கள் அதைக் கேட்கவில்லையே, இவர்களுக்கு ஒருத்தி என்றால் தெரியாதே, இந்த அறையில் அந்தச் சொல் இல்லவே இல்லை. எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ரொம்ப நேரமாகிவிட்டதோ. "தேர் இஸ்" என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது. "தேர் இஸ் ஒன் பீப்பிள் இன் மை ஹவுஸ்." ஜோயல் பேனாவைத் தூக்கி, "ஆல்மோஸ்ட்! ஒன் பெர்சன். பெர்சன், பீப்பிள். தேர் இஸ் ஒன் பெர்சன் இன் மை ஹவுஸ்" என்றார். நான் திருப்பிச் சொன்னேன். தேர் இஸ் ஒன் பெர்சன் இன் மை ஹவுஸ். "பெர்ஃபெக்ட்" என்றார். சொல்லிவிட்டேன். வாக்கியம் சரி. கூரை விழவில்லை. அப்போது லான் என் கையை விடாமலே, தப்பைக் கண்டுபிடித்தவள்போல, "நோ நோ. பிஃபோர், டூ" என்றாள். முன்னால் ரெண்டு. அவள் என் வீட்டுக்காரரைப் பார்த்திருக்கிறாள், மழை நாளில் எங்கள் காரில் அவளையும் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறோம். நான் அவளைப் பார்த்தேன். "யெஸ்" என்றேன். "பிஃபோர், டூ." ஜோயல் பழக்கத்தில், மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "பிஃபோர், தேர் வேர் டூ பீ..." என்று திருத்தத் தொடங்கி, பாதியில் நின்றுவிட்டார். பேனாவுக்கு மூடி போட்டார். அந்த மூடியின் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. ஜமீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு யாரும் ஒன்றும் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தது, லான் பிடித்திருந்த கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள், அவள் நகத்துக்குச் சாயம் பூசிவிடுகிற கடையில் வேலை பார்க்கிறவள், அவள் விரலில் எப்போதும் அந்த மருந்து வாடை இருக்கும். "டீ" என்றார் ஜோயல், நேரம் ஆகாமலே. "லெட்ஸ் ஹேவ் டீ."

எல்லாரும் தேநீருக்குப் போனார்கள். லான் போகவில்லை. அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள், உதடு அசைந்தது, கிடைக்கவில்லை, கடைசியில் தன் மொழியிலேயே நீளமாக ஒன்று சொன்னாள். எனக்கு ஒரு எழுத்துக்கூடப் புரியவில்லை. நான் தலையாட்டினேன். பிறகு அவள் என் கோட்டின் கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டு, தேநீர் எடுக்கப் போனாள். நான் மாடிப்படிக்கு வந்தேன். படியில் உட்கார்ந்தால் கல் குளிர் சேலை இல்லாத உடம்பில் நேராக ஏறுகிறது, இந்த ஜீன்ஸ் துணி குளிரைத் தடுக்கும் என்று சொன்னவர் யார். கை தானாகப் போனை எடுத்துவிட்டது. ஊரில் இப்போதுதான் விடிந்திருக்கும், அம்மா வாசல் தெளித்துவிட்டு வந்திருப்பாள், இந்த நேரத்தில் நான் கூப்பிட்டதே இல்லை, பயந்துவிடுவாள், வைத்துவிடு, வைத்துவிடு என்று நினைக்கும்போதே மணி போய்விட்டது.

"ஏட்டி, என்ன இந்நேரத்துல? மேலுக்கு ஏதும் சரியில்லையா?" "நல்லாருக்கேன்மா. கிளாஸ்ல இருக்கேன். இப்ப எடைவேளை." "அப்படியா, நான் பயந்துட்டேன். மாப்பிள்ளை வேலைக்குப் போயாச்சா?" வாய் திறந்தது, இல்லம்மா என்று அது பாட்டுக்கு ட்யூட்டியை நோக்கிப் போகப் பார்த்தது. இழுத்துப் பிடித்தேன். "அம்மா, இன்னைக்குக் கிளாஸ்ல எங்கிட்ட ஒரு கேள்வி கேட்டாங்க." "நெசமாவா, இங்கிலீஷ்லயா? சரியாப் பதில் சொன்னியா?" அம்மாவின் குரல் அப்படியே எழுந்து உட்கார்ந்துவிட்டது, பக்கத்தில் அப்பா இருந்தால் அவருக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டாள். "மொதல்ல தப்பாச் சொன்னேன். அப்புறம் சரியாச் சொல்லிட்டேன்." "என்ன சொன்ன, எங்க, சொல்லு கேப்போம்." "தேர் இஸ் ஒன் பெர்சன் இன் மை ஹவுஸ்." "நல்லாச் சொல்லுதியே! டிவில பேசுத மாதிரி இருக்கு. அதுக்கு என்னட்டி அர்த்தம்?" கீழே நூலகத்தின் கதவு தானாகத் திறந்து தானாக மூடிக்கொண்டது. யாரும் வரவில்லை. "அம்மா, அப்பா பக்கத்துல இருக்காரா?" "இல்ல, பால் வாங்கப் போயிருக்காரு. ஏன்?" "அதுக்கு அர்த்தம், என் வீட்ல நான் ஒருத்திதான் இருக்கேன்னு." அம்மா சிரிக்கப்போனது கேட்டது. அப்புறம் சிரிக்கவில்லை. "என்ன சொல்லுத?" "அவுக போயிட்டாகம்மா. நைட் ட்யூட்டி எல்லாம் பொய். வரமாட்டாக."  அந்தப் பக்கம் மூச்சு இருக்கிறதா என்று போனைக் காதில் அழுத்தினேன். எங்கேயோ சேவல் ஒன்று கூவியது, பக்கத்து வீட்டுத் தறி ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டது, யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். நான் காத்திருந்தேன். இனி வரப்போவது எல்லாம் எனக்குத் தெரியும், அய்யோ என்பாள், நீ என்ன சொன்ன அவுகளை என்பாள், தெருவுக்கு என்ன சொல்லுவேன் என்பாள், இந்தப் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அம்மா பேசியபோது குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. "கதவை நல்லாப் பூட்டிக்கிட்டுதான படுக்க?"  "பூட்டிக்கிட்டுதாம்மா" என்றேன். "தாழ்ப்பாளும் போடுதியா?" "போடுறேன்." "ம்." மாடியில் ஜோயல் கைதட்டி எல்லாரையும் உள்ளே கூப்பிடுகிறார். நாற்காலிகள் நகர்கின்றன. லான் இரண்டு கையிலும் இரண்டு கோப்பையோடு படியின் தலைப்பில் வந்து நின்று என்னைப் பார்த்தாள், பார்த்துவிட்டு ஒரு கோப்பையை எனக்குப் பின்னால் படியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். "கிளாஸ் தொடங்கிட்டும்மா. வைக்கட்டுமா?" என்றேன். "வைக்காத" என்றாள் அம்மா. எங்கேயோ முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டு பேசுவதுபோல இருந்தது. "நான் பேசாட்டாலும் வைக்காத. அப்படியே இரு." அப்படியே இருந்தேன். தறி ஓடிக்கொண்டிருந்தது.